"இந்தக் கடை நிஜமாவே இருக்குதுங்களா?": சிறு வியாபார வெப்சைட்டை வாங்குபவர் நம்பும்படி செய்வது எப்படி

காங்கேயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டும் ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் விற்பனைக்கு. கார்டு, யுபிஐ எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. முதல் ஆறு வாரத்தில் வந்த ஆர்டர் ஒன்பது. அதில் நான்கு பேர் சொந்தக்காரர்கள். ஆனால் போன் மட்டும் ஓயவில்லை. கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்க, இந்தக் கடை நிஜமாவே இருக்குதுங்களா?"

"தம்பி, இருபத்தஞ்சு வருசமா செக்கு ஓட்டறேன். என்னையப் போயி இருக்கறியான்னு கேக்கறாங்க பாரு" என்று அவர் வருத்தப்பட்டார்.

வருத்தம் நியாயம்தான். கேட்டவர்கள் மேலும் தப்பில்லை. பாதி விலைக்குப் புடவை என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டி, பார்சலும் வராமல், போனையும் எடுக்காமல் போன கதை இன்றைக்கு வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. பெயர் தெரியாத வெப்சைட் என்றாலே முதலில் சந்தேகம், அப்புறம்தான் விலை.

அன்று ராத்திரி நான் செய்த வெப்சைட்டையே முன்பின் தெரியாத ஆள் மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அதைத் திருத்திய வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்ணெய்க் கடையை வைத்துச் சொன்னாலும் புடவை, பாத்திரம், மசாலா, டியூஷன் எதற்கும் இது பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு அளவுகோல். வெப்சைட்டில் எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏமாற்றுக்காரன் ஒருவன் இதையே அரை மணி நேரத்தில் செலவில்லாமல் போட்டுவிட முடியுமா? முடியும் என்றால் அதற்கு மதிப்பு குறைவு. '100% நம்பகமானது' என்ற தங்கநிற முத்திரை, 'லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள்' எல்லாம் அந்த ரகம். வாங்குபவர் உங்களைக் கேட்காமல் வேறு இடத்தில் போய்ச் சரிபார்க்கக்கூடிய விஷயம்தான் எடுபடும்.

படி 1: பூட்டும் முகவரியும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2018 ஜூலையிலிருந்து, ஹெச்டிடிபிஎஸ் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறை; முகவரிக்கு முன்னால் வந்த பூட்டுப் படம் இதற்குத்தான்) இல்லாத எந்த வெப்சைட்டையும் குரோம் பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்றே காட்டுகிறது. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. வெப்சைட்டை வைக்க இடம் தருகிற ஹோஸ்டிங் நிறுவனங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். ஆனால் காலாவதித் தேதி உண்டு. தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். தீபாவளி வாரத்தில் சான்றிதழ் காலாவதியாகி, வெப்சைட் முழுக்கச் சிவப்பு எச்சரிக்கையாக நின்றால் அந்த வார வியாபாரம் போச்சு.

பூட்டு இருப்பதால் மட்டும் யாரும் நம்பப்போவதில்லை என்பதும் உண்மை. ஏமாற்றுபவனும் அதே இலவசச் சான்றிதழைத்தான் வாங்குகிறான். பூட்டுப் படத்தைப் பார்த்து மக்கள் தவறாக நம்புகிறார்கள் என்றே 2023 செப்டம்பரில் குரோம் அதை எடுத்துவிட்டது. பூட்டு இல்லாவிட்டால் நஷ்டம், இருந்தால் லாபம் எதுவும் இல்லை.

முகவரி சொந்த டொமைனாக, அதாவது கடைப் பெயரில் நீங்களே வாங்கிய இணைய முகவரியாக இருக்கட்டும். மின்னஞ்சலும் அதே பெயரில் இருக்கட்டும். இலவச மெயில் முகவரியை வைத்துக்கொண்டு 'முன்னணி நிறுவனம்' என்று எழுதினால் ஒட்டாது. இன்னொன்று: டொமைன் யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். வெப்சைட் செய்துகொடுத்த பையன் தன் கணக்கில் வாங்கியிருப்பான். அவன் வேலை மாறி ஊர் போய்விட்டால் உங்கள் கடைப் பெயரே உங்களிடம் இருக்காது. இந்தத் தொழிலில் நான் அடிக்கடி பார்க்கிற கண்ணீர் இதுதான்.

படி 2: மிச்சம் மீதியைக் கூட்டிப் பெருக்குவது

ஆயத்த டிசைனை வாங்கிப் படத்தையும் பெயரையும் மாற்றி வேலையை முடிப்பதுதான் எங்கள் வழக்கம். மாற்ற மறந்தவைதான் காட்டிக்கொடுக்கும். அந்த எண்ணெய்க் கடையில் நான் விட்டுவைத்தவை இவை: பக்கத்தின் அடியில் '2019' என்ற பழைய ஆண்டு. ஃபேஸ்புக் ஐகானைத் தட்டினால் டிசைன் விற்ற வெளிநாட்டு நிறுவனத்தின் பக்கம். 'ஜான் டோ, மேனேஜர்' என்பவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துச் செக்கு எண்ணெயைப் பாராட்டியிருந்தார்.

எல்லாவற்றையும் விட மோசம் தமிழ். முகப்புக்குப் போகிற பட்டனில் 'வீடு' என்று இருந்தது. கூடையில் சேர்க்கிற பட்டனில் 'வண்டியில் சேர்'. டெலிவரி கட்டணம் இல்லை என்பதற்கு 'இலவச கப்பல் போக்குவரத்து'. காங்கேயத்திலிருந்து திருப்பூருக்குக் கப்பல்! இயந்திர மொழிபெயர்ப்பு தந்ததைப் படிக்காமலே ஒட்டியிருந்தேன். பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? எங்கோ உட்கார்ந்துகொண்டு தமிழ் தெரியாதவன் நடத்துகிற கடை என்றுதானே.

ஒவ்வொரு பட்டனையும் வாய்விட்டுப் படியுங்கள். கடையில் நின்று வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசுவீர்களா? 'முகப்பு', 'கூடையில் போடு', 'டெலிவரி இலவசம்' என்று எழுதினால் யாருக்கும் புரியும். பிரஸ்ஸில் அடித்த பழைய நோட்டீஸிலிருந்து எழுத்தை எடுத்து ஒட்டினால், பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருந்து ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லா போனிலும் தெரிகிற யூனிகோடு எழுத்துக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

தோற்றத்தில் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் குழுவினர் 2002-இல் 2,684 பேரிடம் வெப்சைட்டுகளைக் காட்டி எது நம்பும்படி இருக்கிறது, ஏன் என்று கேட்டார்கள். அவர்கள் எழுதிய கருத்துகளில் 46.1 சதவீதம் தோற்றத்தைப் பற்றியே இருந்தது. காலம் மாறினாலும் அழுக்கான கடைக்குள் நுழைய யாருக்கும் மனசு வராது என்பது மாறவில்லை. அழகாக இருக்க வேண்டியதில்லை. அலங்கோலமாக இல்லாமல் இருந்தால் போதும்.

படி 3: நீங்கள் யார் என்று காட்டுவது

நேரம் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

முழு முகவரி போடுங்கள். 'காங்கேயம், தமிழ்நாடு' என்பது முகவரி ஆகாது. கதவு எண், தெரு, பின்கோடு, அதோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம் என்ற அடையாளம். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து அந்த இணைப்பையும் கொடுங்கள். மேப்பில் போர்டு தெரிகிற படம் இருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

அடுத்தது எண்கள். ஜிஎஸ்டி எண்ணைப் பக்கத்தின் அடியில் போடுங்கள். 15 இலக்க அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைத் தட்டினால் நிறுவனத்தின் பெயர், பதிவான தேதி, இப்போது செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் வந்துவிடும். "பான் எண் வெளியே தெரிஞ்சுருமே" என்று செக்குக்காரர் தயங்கினார். கடை வாசல் போர்டிலேயே ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும் என்பது விதி, அது ஏற்கெனவே அவர் போர்டில் இருந்தது என்று காட்டிய பிறகுதான் சரி என்றார்.

உணவுப் பொருள் விற்பவர் என்றால் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் கட்டாயம். அதையும் அரசுத் தளத்தில் சரிபார்க்கலாம். ஜிஎஸ்டி இல்லாத சிறு தொழில் என்றால், சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற உத்யம் பதிவு எண் போடலாம். அரசுத் தளத்தில் அந்தப் பதிவுக்குக் காசு கிடையாது, இடைத்தரகரிடம் கொடுத்து ஏமாறாதீர்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 21 எழுத்துள்ள சிஐஎன் என்ற கம்பெனிப் பதிவு எண்ணும் பதிவு அலுவலக முகவரியும் முகப்பிலேயே இருக்க வேண்டும்.

இனிமேல் சொல்வதுதான் பலரும் கவனிக்காதது. உங்கள் கடைக்கு எத்தனை பெயர் என்று எண்ணிப் பாருங்கள். செக்குக்காரருக்கு மூன்று. போர்டில் குலதெய்வத்தின் பெயர். ஜிஎஸ்டியில் அவர் சொந்தப் பெயர். யுபிஐயில் அவர் மனைவியின் பெயர், ஏனென்றால் அந்த பேங்க் கணக்குதான் முதலில் இருந்தது. வாங்குகிறவர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார். திரையில் யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. கட்டைவிரல் அங்கேயே நிற்கிறது. எண்ணூறு ரூபாயை யாருக்கு அனுப்புகிறோம் என்று யோசிக்கிறார், மூடிவிட்டுப் போகிறார். எங்கள் கையை விட்டுப் போன ஆர்டர்களில் பாதி அந்த ஒரு நொடியில் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

கடைப் பெயரில் நடப்புக் கணக்கு திறந்து யுபிஐயை அதற்கு மாற்றுவதுதான் சரியான வழி. அது நடக்கும் வரை பணம் கட்டுகிற இடத்தில், ஸ்கேன் செய்தால் இன்ன பெயர் வரும், அவர் கடைக்காரரின் மனைவி என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் விவரம், அப்புறம் சொன்னால் சமாளிப்பு.

நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள் 2020-இல் வந்தன. நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், புகார் அதிகாரியின் பெயர் ஆகியவற்றை வெப்சைட்டில் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன அவை. புகார் அதிகாரி என்றதும் பயப்பட வேண்டாம். கடையில் போன் எடுக்கிற உங்கள் மகளாகவே இருக்கலாம். பெயரும் நம்பரும் இருக்க வேண்டும், கூப்பிட்டால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

'எங்களைப் பற்றி' பக்கத்தில், 'தரத்திற்கு முன்னுரிமை அளித்து வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோளாக' என்று தொடங்கும் பத்தியைத் தூக்கிவிடுங்கள். அதை யாரும் படிப்பதில்லை. அங்கே நாங்கள் இப்படி எழுதினோம்: 'எங்களிடம் இரண்டு வாகை மரச் செக்கு இருக்கிறது. திங்கள், வியாழன் கடலை ஆட்டுவோம். நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி சேர்ப்போம். ஆட்டுகிற நாளில் நேரில் வந்தும் பார்க்கலாம்.' கூடவே அவரே செக்கடியில் நிற்கிற படம், என் போனில் எடுத்தது. லேசாகக் கலங்கலான படம்தான். ஆனால் இணையத்தில் விலைக்கு வாங்கிய புன்னகைப் படத்தை விட நூறு மடங்கு மேல். அந்தப் புன்னகையைத் தேடினால் வேறு பத்து கடையிலும் சிரித்துக்கொண்டிருக்கும்.

படி 4: என்ன வரும் என்பதை ஒளிக்காமல் சொல்வது

பாக்கெட் பொருளை இணையத்தில் விற்றால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, எம்ஆர்பி, புகார் தொடர்பு ஆகியவை பக்கத்திலேயே தெரிய வேண்டும். 2018 ஜனவரியிலிருந்து இது சட்டம். பாட்டிலின் பின்பக்க லேபிளை நெருக்கத்தில் படம் எடுத்துப் போட்டாலே பார்ப்பவருக்கு நிம்மதி. முன்பக்கத்தை மட்டும் எல்லாரும் காட்டுவார்கள்.

சட்டம் கேட்காத ஒன்றுதான் இங்கே அதிக வேலை செய்தது: பொருளின் குறையை நாமே சொல்வது. செக்கு எண்ணெயின் அடியில் கசடு தேங்கும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடையில் சுமார் 910 கிராம்தான் இருக்கும், தராசில் வைத்துப் பார்த்துவிட்டுக் குறைகிறது என்று போன் வரும். இந்த மூன்றையும் படத்தோடு பொருள் பக்கத்திலேயே போட்டோம். "இதையெல்லாம் எழுதுனா எவன் வாங்குவான்?" என்றார் அவர். எழுதிய பிறகு அந்தப் புகார்கள் குறைந்தன. ஏமாற்றுபவன் தன் பொருளின் குறையை ஒருநாளும் எழுதமாட்டான் என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

விலையையும் இதே மாதிரி விளக்குங்கள். மரச்செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ கடலைப்பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையைப் போட்டுக் கணக்குக் காட்டினால் விலை ஏன் கூடுதல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

நோயைக் குணமாக்கும் என்று மட்டும் எழுதாதீர்கள். சர்க்கரை போகும், மூட்டுவலி தீரும் என்று எண்ணெய் விற்பது சட்டச் சிக்கல். படித்தவர்கள் அந்த வரியைப் பார்த்ததும் வெளியே போய்விடுவார்கள். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்பதும் பெருமை இல்லை. தாவர எண்ணெய் எதிலுமே அது கிடையாதே.

'இன்னும் 4 நிமிடம் 12 நொடி மட்டுமே' என்று ஓடுகிற கடிகாரம், பக்கத்தைத் திறந்து மூடினால் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து தொடங்கும். ஒருமுறை அதைக் கண்டுபிடித்தவர் அப்புறம் உங்கள் எடையையும் நம்பமாட்டார். இந்த மாதிரி தந்திரங்கள் 13-ஐப் பட்டியலிட்டு 2023 நவம்பர் 30-இல் மத்திய அரசு தடைசெய்திருக்கிறது. பொய் அவசரம், கேட்காமல் கூடையில் பொருள் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் மட்டும் கட்டணத்தைக் கூட்டுவது எல்லாம் அதில் உண்டு. எண்ணெய் கனமான சரக்கு, கூரியர் காசு அதிகம். அதை ஒளிக்காமல் பொருள் பக்கத்திலேயே பின்கோடு கேட்டுச் சொல்லிவிடுங்கள்.

படி 5: தப்பு நடந்தால் என்ன

வெப்சைட்டில் பணம் வாங்கித் தருகிற பேமெண்ட் கேட்வே சேவையை வாங்கப் போனாலே பணம் திரும்பத் தருவது, டெலிவரி, தனியுரிமை, நிபந்தனைகள் ஆகிய பக்கங்கள் கேட்பார்கள். எல்லாரும் எங்கிருந்தோ காப்பி அடித்துப் போடுகிறோம். ஒரு புடவைக் கடையின் பக்கத்தில் 'மென்பொருள் பதிவிறக்கம் செய்த பின் பணம் திரும்பாது' என்று படித்திருக்கிறேன். நீங்களே எழுதுங்கள், பத்து வரி போதும். எங்கள் பக்கத்தில் இருப்பது:

'பாட்டில் உடைந்தோ ஒழுகியோ வந்தால், வந்த 2 நாளுக்குள் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம். புது பாட்டில் அனுப்புவோம், அல்லது முழுப் பணமும் 7 நாளுக்குள் உங்கள் கணக்குக்கு வரும். திறந்த பாட்டிலை வாசனை பிடிக்கவில்லை என்று திரும்ப வாங்க முடியாது.'

கடைசி வரியைக் கவனியுங்கள். முடியாததை முடியாது என்று சொன்னால்தான் முடியும் என்று சொன்னதை நம்புவார்கள்.

பார்சல் கொடுக்கும்போது கையில் பணம் வாங்கும் வசதி வைக்கலாமா? புதுக் கடைக்கு முதல் சில மாதம் அது பெரிய உதவி. ஆனால் பார்சலை வாங்காமல் திருப்புகிறவர்களும் உண்டு, போகவர கூரியர் காசு உங்கள் தலையில். முதல் ஆர்டருக்கு மட்டும், ஆயிரம் ரூபாய்க்குள் மட்டும் என்று வரம்பு வையுங்கள். கார்டு எண்ணை நாங்கள் சேமிப்பதில்லை என்றும் ஒரு வரி போடுங்கள். 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கடைக்காரர் யாருமே சேமிக்கக் கூடாது, ஆனால் அது வாங்குகிற எல்லாருக்கும் தெரியாது.

படி 6: மற்றவர்கள் சொல்வது

விமர்சனங்களை நீங்களே எழுதிப் போடாதீர்கள். ஒரே நாளில் பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் ஐந்து நட்சத்திரம், எல்லாரும் 'மிகவும் அருமை' என்றால் குழந்தைக்கும் புரியும். உங்கள் கையில் இல்லாத இடத்தில் இருக்கிற விமர்சனத்துக்கு, அதாவது கூகுள் மேப்பில் இருப்பதற்கு, இணைப்புக் கொடுங்கள். வாட்ஸ்அப் பாராட்டைப் படம் பிடித்துப் போடுவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு, நம்பரை மறைத்துப் போடுங்கள்.

இரண்டு நட்சத்திரம் வந்தால் அழிக்கப் பார்க்காதீர்கள். எங்களுக்கு ஒன்று வந்தது: பாட்டில் ஒழுகி அட்டைப்பெட்டி முழுக்க எண்ணெய். செக்குக்காரர் முதலில் எழுதிய பதில், 'கூரியர்காரன் செய்த தப்புக்கு நாங்கள் என்ன செய்ய'. அனுப்பும் முன் பிடுங்கிவிட்டேன். பிறகு எழுதியது: 'தப்பு எங்கள் மேல்தானுங்க. மூடிக்கு உள்ளே சீல் வைக்காமல் அனுப்பிவிட்டோம். இன்று புது பாட்டில் அனுப்பியிருக்கிறோம். இனிமேல் எல்லா பாட்டிலுக்கும் சீல் உண்டு.' அதற்கப்புறம் கூப்பிட்ட இரண்டு பேர் அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

படி 7: போனில் திறக்கும் வேகம்

போன் கேமராவில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். படத்தின் அகல உயரத்தைக் குறைத்து, வெப்பி (WebP) என்ற வடிவத்துக்கு மாற்றினால் 150 கேபிக்குள் கொண்டுவந்துவிடலாம். வைஃபையில் சோதிக்காமல், சிக்னல் குறைந்த பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் பட்டன் இருந்தால் பதில் சொல்கிற நேரத்தையும் பக்கத்தில் போடுங்கள். 24 மணி நேர சேவை என்று எழுதிவிட்டு மறுநாள் மத்தியானம் பதில் சொல்வதை விட, காலை 10 முதல் மாலை 6 என்று எழுதி ஐந்து நிமிடத்தில் பதில் சொல்வது மேல்.

படி 8: தெரியாத ஆளிடம் போனைக் கொடுப்பது

கடையை அறியாத ஒருவரைப் பிடியுங்கள். பக்கத்து வீட்டு அக்கா, டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர், யாராக இருந்தாலும் சரி. வெப்சைட்டைத் திறந்து கையில் கொடுத்து, "இதுல ஒரு லிட்டர் வாங்குங்க பாக்கலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் வாயைத் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தேடி மேலும் கீழும் தள்ளுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். யுபிஐ பெயர் விஷயம் எனக்குப் பிடிபட்டது இப்படித்தான், பக்கத்து வீட்டு அக்காவின் கட்டைவிரலைப் பார்த்து.

அதேபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு ஊர்ச் சொந்தக்காரர் போனிலிருந்து உங்கள் கடையிலேயே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். பணம் கட்டியதும் மெசேஜ் வருகிறதா, டிராக்கிங் எண் வருகிறதா, பார்சல் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்று தெரியும். அப்படியே கூகுளில் உங்கள் கடைப் பெயரோடு 'புகார்' என்று சேர்த்துத் தேடுங்கள். வாங்குகிறவர்கள் அதைத் தேடுகிறார்கள்.

செக்குக்காரருக்கு இப்போதும் போன் வருகிறது. போன வாரம் நான் அங்கே இருந்தபோது ஒன்று வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். சேலத்திலிருந்து ஒரு அம்மா. "ஏனுங்க, அஞ்சு லிட்டர் தகர டின்னுல வருமா, பிளாஸ்டிக் கேனுலயா?"